விளக்கு எரிந்தால் மட்டும் போதுமா?

வீட்டில் புதிதாக ஒரு விளக்கு வேண்டும் என்ற எண்ணம் பெரும்பாலும் ஒரு சிறிய தேவையிலிருந்துதான் தோன்றுகிறது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் பொதுவாக ஒவ்வோர் அறையிலும் கூரையின் நடுவில் ஒரு விளக்கு இருக்கும். படிக்கும் மேசையோ சுவரோரமாக இருக்கும். விளக்குக்கு முதுகைக் காட்டி அமர்ந்து எழுதும்போது நம் நிழலே நம் புத்தகத்தின்மீது விழுகிறது. சமையலறையில் மேலே உள்ள அலமாரிகள் ஒளியை மறைப்பதால், காய்கறி நறுக்கும் இடம் இருட்டாக இருக்கிறது. இரவில் கழிவறைக்குச் செல்லும் பாட்டிக்கு, அறைகளுக்கு இடையிலான நடைவழியில் ஒரு விளக்கு இருந்தால் தடுமாற வேண்டியதில்லை.

இந்தத் தேவைகள் எல்லாம் நியாயமானவையே. “ஏற்கெனவே இருக்கும் விளக்கிலிருந்து இரண்டு கம்பிகளை இழுத்துப் புதிய விளக்கில் மாட்டினால் வேலை முடிந்துவிடும்” என்று சிலர் எளிதாகச் சொல்வார்கள். அப்படி மாட்டினாலும் விளக்கு எரியக்கூடும். ஆனால், சரியாக இணைத்த விளக்கும் எரியும். தவறாக இணைத்த விளக்கும் எரியும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். அந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள, நம் வீட்டுச் சுவர்களுக்குள்ளும் கூரைக்குள்ளும் மின்சாரம் எவ்வாறு பயணம் செய்கிறது என்பதை அறிய வேண்டும்.

பெட்டியிலிருந்து விளக்கு வரை

வீட்டு வாசலுக்கு அருகில் ஒரு மின்பகிர்வுப் பெட்டி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வீட்டுக்குள் வரும் மின்சாரம் இந்தப் பெட்டியில்தான் பல கிளைகளாகப் பிரிகிறது. ஒவ்வொரு கிளையும் ஒரு மின்சுற்று. விளக்குகளுக்கும் கூரை மின்விசிறிகளுக்கும் ஒரு மின்சுற்று இருக்கும். சுவரில் உள்ள மூன்று துளைப் பிளக்குகளுக்கு வேறொரு மின்சுற்று இருக்கும். குளிர்சாதனக் கருவிக்கும் தண்ணீர்ச் சூடேற்றிக்கும் தனித்தனி மின்சுற்றுகள் இருக்கும்.

ஒவ்வொரு மின்சுற்றுக்கும் ஒரு காவலர் உண்டு. அதுவே ‘எம்.சி.பி.’ என்று அழைக்கப்படும் மின்துண்டிப்பான். மின்சுற்றில் அளவுக்கு மேல் மின்சாரம் பாய்ந்தால் அது தானாகவே மின்சாரத்தைத் துண்டித்துவிடும். விளக்குச் சுற்றில் பெரும்பாலும் 6 ஆம்பியர் அல்லது 10 ஆம்பியர் அளவுள்ள மின்துண்டிப்பான் இருக்கும்.

அதே பெட்டியில் ‘ஆர்.சி.சி.பி.’ எனப்படும் மின்கசிவுத் துண்டிப்பானும் இருக்கும். இதன் வேலை வேறு. வீட்டுக்குள் செல்லும் மின்சாரமும் திரும்பி வரும் மின்சாரமும் சமமாக இருக்கின்றனவா என்பதை இது ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். ஒருவருடைய உடல் வழியாகவோ ஈரச் சுவர் வழியாகவோ மின்சாரம் கசிந்தால் அந்தச் சமநிலை கெடும். வீடுகளில் பொருத்தப்படும் ஆர்.சி.சி.பி., 0.03 ஆம்பியர் அளவு கசிவைக்கூட உணர்ந்து, நொடிப்பொழுதில் மின்சாரத்தை நிறுத்திவிடும்.

பெட்டியிலிருந்து விளக்குச் சுற்றுக்கு மூன்று கம்பிகள் செல்கின்றன. மின்சாரத்தைக் கொண்டு செல்வது லைவ் கம்பி. அதைத் திருப்பிக் கொண்டு வருவது நியூட்ரல் கம்பி. பழுது ஏற்படும்போது மின்சாரத்தைப் பாதுகாப்பான வழியில் கொண்டு செல்வது எர்த் கம்பி. சிங்கப்பூர் வீடுகளில் லைவ் கம்பிக்கும் நியூட்ரல் கம்பிக்கும் இடையே உள்ள மின்னழுத்தம் 230 வோல்ட் ஆகும்.

வரிசையாகவா, பக்கத்திலா?

புதிய விளக்கை இரண்டு வகையாக இணைக்க முடியும் என்று வைத்துக்கொள்வோம். முதல் வகையில், மின்சாரம் பழைய விளக்கின் வழியாகச் சென்று, பிறகு புதிய விளக்குக்குள் நுழையும். இது தொடர் இணைப்பு. இரண்டாம் வகையில், ஒவ்வொரு விளக்கும் லைவ் கம்பியோடும் நியூட்ரல் கம்பியோடும் தனித்தனியாக இணைந்திருக்கும். இது பக்க இணைப்பு.

தொடர் இணைப்பில் ஒரே வகையான இரண்டு குண்டு பல்புகளை மாட்டினால், 230 வோல்ட் அழுத்தத்தை அவை பங்கிட்டுக்கொள்ளும். ஒவ்வொன்றுக்கும் 115 வோல்ட் மட்டுமே கிடைப்பதால் இரண்டும் மங்கலாக எரியும். ஒன்று பழுதானால் மற்றொன்றும் அணைந்துவிடும். பழைய அலங்காரச் சரவிளக்குகளில் ஒரு சிறு பல்பு பழுதானதும் சரம் முழுவதும் இருண்டுபோனதற்கு இதுவே காரணம்.

பக்க இணைப்பில் ஒவ்வொரு விளக்குக்கும் முழு 230 வோல்ட் கிடைக்கிறது. ஒன்று அணைந்தாலும் மற்றவை எரியும். வீட்டு விளக்குகள் அனைத்தும் இப்படித்தான் இணைக்கப்பட்டிருக்கின்றன. புதிய விளக்கையும் இவ்வாறே சேர்க்க வேண்டும்.

மின்சுற்று தாங்குமா?

பக்க இணைப்பில் விளக்குகள் கூடக்கூட, பெட்டியிலிருந்து வரும் கம்பியில் பாயும் மொத்த மின்சாரமும் கூடுகிறது. ஆகவே, “இந்தச் சுற்று இன்னும் ஒரு விளக்கைத் தாங்குமா?” என்பது நாம் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி. இதற்கான விடையை நீங்களே கணக்கிடலாம். ஒரு கருவியின் வாட் அளவை 230 ஆல் வகுத்தால், அது எத்தனை ஆம்பியர் மின்சாரத்தை எடுத்துக்கொள்கிறது என்பது ஏறக்குறையத் தெரிந்துவிடும்.

ஒரு நான்கறை வீட்டை எடுத்துக்கொள்வோம். அதன் விளக்குகளும் மின்விசிறிகளும் 6 ஆம்பியர் மின்துண்டிப்பான் உள்ள ஒரே சுற்றில் இருக்கின்றன. அந்தச் சுற்றின் உச்ச அளவு 6 × 230 = 1,380 வாட்.

அவ்வீட்டில் 18 வாட் எல்.இ.டி. விளக்குகள் ஏழு இருக்கின்றன. அவற்றின் மொத்தம் 126 வாட். கழிவறைகளில் 9 வாட் விளக்குகள் இரண்டு இருக்கின்றன. அவை 18 வாட். 60 வாட் கூரை மின்விசிறிகள் மூன்று இருக்கின்றன. அவை 180 வாட். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இயக்கினால் 324 வாட். மேசைக்கு மேலே 12 வாட் விளக்கு ஒன்றைச் சேர்த்தால் 336 வாட். இதை 230 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1.5 ஆம்பியர் வருகிறது. 6 ஆம்பியர் சுற்றுக்கு இது பெரிய சுமையன்று.

முன்பு வீடுகளில் குண்டு பல்புகள் பயன்பட்ட காலத்தில் நிலைமை வேறு. அதே வீட்டில் 100 வாட் பல்புகள் ஒன்பதும் மூன்று மின்விசிறிகளும் இருந்தால் மொத்தம் 1,080 வாட் ஆகியிருக்கும். இன்னும் மூன்று பல்புகளைச் சேர்த்தால் 1,380 வாட் என்ற எல்லையைத் தொட்டுவிடும். எல்.இ.டி. விளக்குகள் மின்கட்டணத்தைக் குறைப்பதோடு கம்பிகளின் சுமையையும் குறைத்திருக்கின்றன.

ஆனால், விளக்குச் சுற்றில் இடம் மீதி இருக்கிறது என்பதற்காக எதை வேண்டுமானாலும் அதில் இணைக்கக் கூடாது. 3,000 வாட் தண்ணீர்ச் சூடேற்றி ஒன்று மட்டுமே 13 ஆம்பியர் எடுத்துக்கொள்ளும். விளக்குச் சுற்றில் பொதுவாக 1.5 சதுர மில்லிமீட்டர் பருமனுள்ள மெல்லிய செம்புக் கம்பியே இருக்கும். அது விளக்குகளுக்காகத் திட்டமிடப்பட்டது.

இன்னொரு செய்தியையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். மின்துண்டிப்பான் அடிக்கடி விழுகிறது என்பதற்காக 6 ஆம்பியர் துண்டிப்பானை எடுத்துவிட்டு 20 ஆம்பியர் துண்டிப்பானை மாட்டுவது ஆபத்தான செயல். கம்பியில் மின்சாரம் இரு மடங்கானால் அதில் உண்டாகும் வெப்பம் நான்கு மடங்காகும். பெரிய துண்டிப்பான் அமைதியாக இருக்கும். சுவருக்குள் இருக்கும் மெல்லிய கம்பியோ சூடேறிக்கொண்டிருக்கும். துண்டிப்பான் விழுவது ஓர் எச்சரிக்கை. எச்சரிப்பவரின் வாயை அடைப்பதால் ஆபத்து நீங்கிவிடாது.

கம்பியை எங்கிருந்து எடுப்பது?

சுமை பிரச்சினையில்லை என்று தெரிந்த பிறகு, அடுத்த முடிவு சுவிட்சைப் பற்றியது. புதிய விளக்கு, பழைய விளக்கோடு சேர்ந்தே எரிய வேண்டுமா? அல்லது தனியாக எரிய வேண்டுமா?

சேர்ந்தே எரியலாம் என்றால் வேலை எளிது. பழைய விளக்கு இருக்கும் இடத்தில் சுவிட்சிலிருந்து வரும் லைவ் கம்பியும், நியூட்ரல் கம்பியும், எர்த் கம்பியும் இருக்கின்றன. அங்கிருந்து மூன்று கம்பிகளையும் புதிய விளக்குக்கு நீட்டிக்கலாம். ஆனால், பழைய சுவிட்சை அழுத்தும்போதெல்லாம் இரண்டு விளக்குகளும் எரியும். தம்பி உறங்கும்போது அக்காள் படிக்க வேண்டிய அறைக்கு இது பொருந்தாது.

தனி சுவிட்ச் வேண்டும் என்றால், எப்போதும் மின்சாரம் இருக்கும் லைவ் கம்பி ஒன்று தேவை. பல வீடுகளில் அது சுவிட்சுப் பெட்டியில் கிடைக்கும். ஆனால் நியூட்ரல் கம்பி அங்கே இருக்காது. அது கூரையில் உள்ள விளக்கு வரைதான் சென்றிருக்கும். ஆகவே, லைவ் கம்பியை ஓரிடத்திலிருந்தும் நியூட்ரல் கம்பியை வேறோரிடத்திலிருந்தும் கொண்டு வர வேண்டியிருக்கும். அப்படிச் செய்யும்போது இரண்டும் ஒரே மின்சுற்றைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். ஒரு சுற்றிலிருந்து லைவ் கம்பியையும் இன்னொரு சுற்றிலிருந்து நியூட்ரல் கம்பியையும் எடுத்தால் விளக்கு எரியத்தான் செய்யும். ஆனால், ஒரு சுற்றை அணைத்துவிட்டு வேலை செய்பவர், அணைந்ததாக நினைத்த கம்பியில் மின்சாரம் இருப்பதை அறியாமல் தொட்டுவிடக்கூடும்.

நம் அடுக்குமாடி வீடுகளின் கூரை கான்கிரீட்டால் ஆனது. அதைத் தாங்கும் பகுதிகளை வெட்டிக் கம்பியைப் புதைக்கக் கூடாது. அது கட்டடத்தின் வலிமையைக் குறைக்கும். அதனால்தான் புதிய கம்பிகள் ‘டிரங்கிங்’ எனப்படும் வெள்ளைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைக்கப்பட்டு, சுவரோரமாகவும் கூரையோரமாகவும் கொண்டு செல்லப்படுகின்றன.

எரியும் விளக்கு மறைக்கும் பிழைகள்

இப்போது, தொடக்கத்தில் சொன்ன செய்திக்குத் திரும்புவோம். கீழ்க்காணும் மூன்று பிழைகளில் எது இருந்தாலும் விளக்கு நன்றாகவே எரியும்.

முதலாவது, சுவிட்சைத் தவறான கம்பியில் பொருத்துவது. சுவிட்ச் எப்போதும் லைவ் கம்பியில்தான் இருக்க வேண்டும். அப்போதுதான் அதை அணைக்கும்போது விளக்குக்கு மின்சாரம் வருவது நிற்கும். சுவிட்ச் நியூட்ரல் கம்பியில் இருந்தாலும் விளக்கு அணையும். ஏனெனில் மின்சாரம் திரும்பிச் செல்லும் பாதை அடைபட்டுவிடுகிறது. ஆனால், லைவ் கம்பி விளக்கு வரை வந்து காத்துக்கொண்டே இருக்கும். சில மாதங்கள் கழித்து, சுவிட்சை அணைத்துவிட்டு ஏணியில் ஏறிப் பல்பை மாற்றும் அப்பாவின் விரல், பல்பு மாட்டும் இடத்திலுள்ள உலோகத்தில் பட்டால் மின்சாரம் தாக்கும். ஏணியிலிருந்து விழுவது மற்றோர் ஆபத்து.

இரண்டாவது, எர்த் கம்பியை விட்டுவிடுவது. விளக்கு எரிவதற்கு எர்த் கம்பி தேவையில்லை. அதனால்தான் அதை மறப்பது எளிது. உலோக உடல் கொண்ட விளக்கினுள் லைவ் கம்பியின் உறை தேய்ந்து, கம்பி உலோகத்தைத் தொட்டுவிட்டதாக வைத்துக்கொள்வோம். எர்த் கம்பி இருந்தால் மின்சாரம் உடனே அதன் வழியாகப் பாயும், துண்டிப்பான் விழும். எர்த் கம்பி இல்லையென்றால் விளக்கின் உடல் முழுவதும் 230 வோல்ட் அழுத்தத்துடன், யாராவது தொடும் வரை அப்படியே இருக்கும். ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் வரையப்பட்ட குறி சில விளக்குகளில் இருக்கும். அவை இரட்டைக் காப்புறை கொண்டவை. அவற்றுக்கு எர்த் இணைப்புத் தேவையில்லை. மற்ற உலோக விளக்குகளுக்கு அது கட்டாயம்.

மூன்றாவது, தளர்ந்த இணைப்பு. இரண்டு கம்பிகளை முறுக்கி, மேலே ஒட்டுநாடாவைச் சுற்றிவிட்டால் விளக்கு எரியும். நாளடைவில் நாடாவின் பசை காய்ந்துபோகும், முறுக்கு தளரும். தளர்ந்த இடத்தில் மின்தடை கூடுவதால் அங்கே வெப்பம் உண்டாகும். சில வேளைகளில் தீப்பொறியும் எழும். பாயும் மின்சாரம் அளவுக்கு மீறவில்லை, எனவே எம்.சி.பி. துண்டிக்காது. மின்சாரம் வெளியே கசியவில்லை, எனவே ஆர்.சி.சி.பி.யும் துண்டிக்காது. இரண்டு காவலர்களும் விழித்திருக்கும்போதே நெருப்புப் பற்றக்கூடிய இடம் இது. ஆகவே, ஒவ்வோர் இணைப்பும் அதற்கென உள்ள இணைப்பானில் இறுக்கமாகப் பொருத்தப்பட்டு, மூடியுள்ள பெட்டிக்குள் இருக்க வேண்டும். பிற்காலத்தில் திறந்து பார்க்கக்கூடிய இடத்திலும் அந்தப் பெட்டி இருக்க வேண்டும்.

நிறத்தை நம்பலாமா?

கம்பிகளின் நிறத்தைப் பார்த்தே அவற்றை அடையாளம் காணலாம் என்று நாம் நினைக்கிறோம். சிங்கப்பூரில் இப்போது வீட்டு மின்சுற்றுகளில் பழுப்பு நிறம் லைவ் கம்பியையும், நீலம் நியூட்ரல் கம்பியையும், பச்சை மஞ்சள் கோடுகள் எர்த் கம்பியையும் குறிக்கின்றன. பழைய வீடுகளிலோ வேறு நிறங்கள் இருக்கும். அக்காலத்தில் சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய மூன்றும் லைவ் கம்பிகளுக்கு உரிய நிறங்கள். கறுப்பு நியூட்ரல் கம்பிக்கு உரியது.

இதிலுள்ள ஆபத்தைக் கவனியுங்கள். பழைய முறையில் நீலம் லைவ் கம்பியாக இருந்திருக்கலாம். புதிய முறையில் அது நியூட்ரல் கம்பி. பழைய வீட்டில் புதிய விளக்கைச் சேர்க்கும்போது, இரு காலத்துக் கம்பிகளும் ஒரே பெட்டியில் சந்திக்கின்றன. “நீலத்தோடு நீலத்தைச் சேர்” என்ற எளிய விதி அங்கே உயிருக்கே உலை வைத்துவிடும்.

எனவே, பயிற்சி பெற்ற மின்பணியாளர் நிறத்தை மட்டும் நம்புவதில்லை. அவர் முதலில் பெட்டியில் அந்தச் சுற்றின் துண்டிப்பானை அணைப்பார். வேறு யாரும் அதை மீண்டும் இயக்கிவிடாதபடி பூட்டுவார் அல்லது எச்சரிக்கை அட்டையை மாட்டுவார். பிறகு, தம்முடைய சோதனைக் கருவி சரியாக வேலை செய்கிறதா என்பதை, மின்சாரம் இருப்பதாக உறுதியாகத் தெரிந்த ஓரிடத்தில் சோதிப்பார். அடுத்து, வேலை செய்யவிருக்கும் கம்பிகளைச் சோதிப்பார். கடைசியாகக் கருவியை மீண்டும் ஒருமுறை சோதிப்பார். பழுதான கருவியும் “மின்சாரம் இல்லை” என்றுதான் காட்டும் என்பது அவருக்குத் தெரியும்.

வேலை முடிந்த பிறகும் அவர் சுவிட்சை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுப் புறப்பட்டுவிட மாட்டார். எர்த் கம்பி தொடர்ச்சியாக இருக்கிறதா, கம்பிகளின் காப்புறை நல்ல நிலையில் இருக்கிறதா, சுவிட்ச் லைவ் கம்பியில்தான் இருக்கிறதா என்பனவற்றைக் கருவியால் அளந்து பார்ப்பார். எரியும் விளக்கு சொல்லாத செய்திகளை இந்தச் சோதனைகளே சொல்கின்றன.

நம் பங்கு என்ன?

சிங்கப்பூரில் வீட்டு மின்கம்பிகளை மாற்றியமைக்கும் வேலையை, எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளர்களிடமே ஒப்படைக்க வேண்டும். பழுதான பல்பை மாற்றுவது வேறு. மின்சுற்றில் புதிய கிளையைச் சேர்ப்பது வேறு. இரண்டாவதை நாமே செய்து பார்க்கக் கூடாது.

மின்கசிவுத் துண்டிப்பானைப் பற்றியும் சட்டம் இருக்கிறது. 1985ஆம் ஆண்டு ஜூலை முதல் புதிய வீடுகளில் இது கட்டாயமானது. அதற்கு முன்பு கட்டப்பட்ட சில வீடுகளில் இது இல்லாமல் இருந்தது. 2023ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி நடப்புக்கு வந்த விதிமுறைப்படி, எல்லா வீடுகளிலும் இது இருக்க வேண்டும். இல்லாத வீடுகளுக்கு, அதைப் பொருத்திக்கொள்ள இரண்டாண்டு அவகாசம் தரப்பட்டது.

அப்படியானால், மாணவர்களாகிய நாம் இதைப் பற்றி ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்? சரியான கேள்விகளைக் கேட்பதற்கு அறிவு தேவை. புதிய விளக்கு உண்மையிலேயே தேவையா அல்லது ஒரு மேசை விளக்கே போதுமா என்பதை நாம் முடிவு செய்யலாம். வீட்டிலுள்ள விளக்குகளின் வாட் அளவைக் கூட்டிப் பார்க்கலாம். புதிய விளக்குக்குத் தனி சுவிட்ச் வேண்டுமா என்பதைக் குடும்பத்தாரோடு பேசி முடிவெடுக்கலாம். வேலைக்கு வருபவரிடம் அவருடைய உரிமத்தைப் பணிவோடு கேட்டுப் பார்க்கலாம். “இந்த விளக்குக்கு எர்த் இணைப்புக் கொடுத்துவிட்டீர்களா? சுவிட்ச் லைவ் கம்பியில் இருக்கிறதா என்று சோதித்தீர்களா?” என்று விசாரிக்கலாம். தம் வேலையை நன்கு அறிந்தவர் இக்கேள்விகளால் மனம் வருந்த மாட்டார், மகிழ்ச்சியோடு விளக்குவார்.

ஆர்.சி.சி.பி.யில் உள்ள சோதனைப் பொத்தானைப் பெரியவர்களுடன் சேர்ந்து மாதத்திற்கு ஒருமுறை அழுத்திப் பார்ப்பதும் நல்ல பழக்கம். அழுத்தியதும் மின்சாரம் நின்றால் அது விழிப்போடு இருக்கிறது என்று பொருள். நிற்கவில்லையென்றால் மின்பணியாளரை அழைக்க வேண்டும்.

நாம் பொருத்தச் செய்யும் ஒரு விளக்கு பல ஆண்டுகள் அங்கேயே இருக்கும். அதன் பல்பை மாற்றப்போகிறவர் யார் என்பது இன்று நமக்குத் தெரியாது. அவர் நம் தம்பியாக இருக்கலாம். நாளை இந்த வீட்டை வாங்கும் முன்பின் அறியாத ஒருவராகவும் இருக்கலாம். சுவருக்குள் என்ன இருக்கிறது என்பதை அவரால் பார்க்க முடியாது. சுவிட்சை அணைத்தால் மின்சாரம் நின்றுவிடும் என்று அவர் நம்பிக் கையை நீட்டுவார். அந்த நம்பிக்கை பொய்க்காதவாறு வேலையைச் செய்து முடிப்பதே முறையான மின்னிணைப்பு.

கலந்துரையாடுக

1. “துண்டிப்பான் விழுவது ஓர் எச்சரிக்கை” என்று கட்டுரையாசிரியர் கூறுவதற்கான காரணத்தை விளக்குக.

2. தளர்ந்த இணைப்பை எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும் கண்டுபிடிக்க முடியாதது ஏன்?

3. உங்கள் வீட்டிலுள்ள விளக்குகள், கூரை மின்விசிறிகள் ஆகியவற்றின் வாட் அளவுகளைப் பட்டியலிட்டு, அவை அனைத்தும் ஒரே நேரத்தில் இயங்கினால் எத்தனை ஆம்பியர் மின்சாரம் பாயும் என்று கணக்கிடுக.

4. வெளிப்பார்வைக்குச் சரியாகத் தெரிந்தாலும் உள்ளே பிழை மறைந்திருக்கக்கூடிய வேறு ஒரு வேலையைக் குறிப்பிட்டு, அதை எவ்வாறு சோதிக்கலாம் என்று நண்பர்களுடன் பேசுக.